படிக்குப் பாரம்

பெங்களூருக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் சாலையில் கொஞ்ச தூரம் போய், ஒரு லேஅவுட்டின் கடைசி வீட்டின் முன்னால் பால்ராஜ் காரை நிறுத்தியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அவன் மனைவி ஜோவிதா இறங்கி கேட்டைத் திறந்தாள். வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த பெரிய வீடு. அவர்களுக்கு வேண்டியது வீடு அல்ல. அதன் பின்னால் இருந்த நீச்சல் குளம்.

ஜோவிதா பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, முட்டி தேய்ந்தவர்களைத் தண்ணீருக்குள் நடக்க வைக்கும் வகுப்பைத் தொடங்க வந்திருந்தாள். தரையில் ஓர் அடி வைக்க அழுகிறவர்கள்கூட இடுப்பளவு தண்ணீரில் நடப்பார்கள். முதலில் வரப்போகிறவர் ஹெலன் ஆன்ட்டி. விவேக் நகரில் ஜோவிதாவின் தெருவிலேயே இருக்கும் ரிட்டயர்டு டீச்சர். முட்டி ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்திருந்தது. ஆனால் ஒருமுறை பாத்ரூமில் விழுந்ததிலிருந்து அவர் நடப்பதையே விட்டுவிட்டார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அவருடைய உலகம் சுருங்கிக்கொண்டிருந்தது.

குளத்தில் இறங்க, சுவரோடு ஒட்டிய செங்குத்தான ஸ்டீல் ஏணி மட்டும்தான் இருந்தது. ஹெலன் ஆன்ட்டியால் அதில் இறங்க முடியாது. வீட்டுக்காரி தர்ஷினியிடம் போனில் சொன்னபோது, "மோட்டார் ரூம் பின்னாடி கழட்டி மாட்டற படி ஒண்ணு இருக்கு பாருங்க. எங்கம்மாவுக்கு வாங்கினது. யூஸ் பண்ணிக்கோங்க" என்றாள்.

தார்ப்பாயை விலக்கியதும் நாற்றம்தான் முதலில் வந்தது. சாக்கடை நாற்றமில்லை. நாள்கணக்காக அவிழ்க்காத பேண்டேஜை அவிழ்க்கும்போது வருமே, புண்ணும் மருந்தும் ஈரத்துணியும் கலந்த நாற்றம், அது. ஆஸ்பத்திரியில் பழகியவளான ஜோவிதாவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளை பிளாஸ்டிக்கில் வார்த்த அகலமான படி. இரண்டு பக்கமும் கைப்பிடி. உள்ளே வெறும் கூடு. தண்ணீர் புகுந்து வர, பக்கங்களில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். பால்ராஜ் ஹோஸ் பைப்பை ஓர் ஓட்டையில் வைத்துத் தண்ணீர் அடித்தான். மறுபக்கம் வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் ஏதோ ஒழுகியது. அதோடு ஒரு கற்றை நீள முடி. குச்சியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"தேங்கின தண்ணி. பாசி" என்றான் பால்ராஜ், மூச்சை அடக்கிக்கொண்டு.

"பாசிக்கு முடி ஏதுப்பா?"

அவன் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினான்.

கழுவிய படியைக் குளத்தில் இறக்கியதும் அது காலி பக்கெட் மாதிரி மிதந்தது. உள்ளே தண்ணீர் நிறைந்த பிறகும் தரையில் நிற்கவில்லை. ஜோவிதா மேல்படியில் கால் வைத்தால் கீழ்ப்பக்கம் எழும்பியது; கீழே மிதித்தால் முழுவதும் பக்கவாட்டில் சாய்ந்தது. இப்படி ஒரு ஆட்டம் போதும், ஹெலன் ஆன்ட்டி அப்புறம் எந்தப் படியிலும் ஏற மாட்டார்.

"பாரம் வைக்கணும்" என்றாள்.

பால்ராஜ் மணல் வாங்கி வந்து அலசினான். தடித்த பையில் போட்டு இறுக்கிக் கட்டி, மணல் கசிந்து ஃபில்டரை அடைக்காதபடி ஒவ்வொன்றையும் இன்னொரு பைக்குள் போட்டான். படியின் பின்பக்கம் இருந்த மூடியைத் திறந்து மூட்டைகளை அடியில் அடுக்கினான். கைப்பிடியைக் கயிற்றால் கரையில் இருந்த வளையத்தோடு கட்டினான். ஆட்டம் குறைந்தது. ஆனாலும் இடது பக்கம் லேசாக எழும்பிக்கொண்டே இருந்தது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கலாம் என்று கிளம்பினார்கள்.

மறுநாள் காலை ஹெலன் ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவரை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, ஜோவிதா குளத்தருகே போனாள்.

மணல் மூட்டைகள் படிக்குள் இல்லை.

குளத்தின் அந்தக் கோடியில், அடித்தரையில், வரிசையாகக் கிடந்தன. ஒரு முடிச்சும் அவிழ்ந்திருக்கவில்லை. படியின் மூடி மூடியபடியே இருந்தது. தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப்படலம் ஒன்று, ஆறிப்போன பாயாவின் மேல் கொழுப்பு மிதப்பதுபோல மிதந்தது.

"யாரு எடுத்திருப்பா?" பால்ராஜ் கிசுகிசுத்தான். "வாட்ச்மேன்கூட கிடையாதே இங்க."

அவன் தண்ணீரில் இறங்கி மூடியை இழுத்தான். திறக்கவில்லை. இரண்டு கையாலும் படியை உலுக்கினான். அசையவில்லை. ஜோவிதா மேல்படியில் ஏறி நின்றாள், குதித்தாள். சிமெண்டில் பதித்ததுபோல நின்றது.

"என்னம்மா, இறங்கலாமா?" ஹெலன் ஆன்ட்டி குரல் கொடுத்தார். புது நீச்சல் உடையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு வேண்டாம் என்றால் அவர் மறுபடி கிளம்பி வரமாட்டார் என்று ஜோவிதாவுக்குத் தெரியும். படியோ உறுதியாக நிற்கிறது.

"வாங்க ஆன்ட்டி" என்றாள்.

ஹெலன் ஆன்ட்டி கைப்பிடியைப் பற்றி முதல் படியில் கால் வைத்தார். அடுத்ததில் வைத்தவர் நின்றார்.

"மெத்துனு இருக்கே. ரப்பர் எதாவது ஒட்டினியா?"

"இல்லியே ஆன்ட்டி."

"நல்லாதான் இருக்கு" என்று இறங்கிவிட்டார். தண்ணீரில் நடந்தார். முதலில் ஜோவிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். அந்தக் கோடிவரை போய்த் திரும்பியபோது அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஜோவிதா மூட்டைகளையும் மூடியையும் மறந்தே போனாள்.

திரும்பி ஏறும்போது ஹெலன் ஆன்ட்டி கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஜோவிதா. கீழ யாரும்மா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி."

"என் பாதத்தக் கீழேர்ந்து தாங்கறாங்க. கை மாதிரி இருக்கு." அவர் முகத்தில் பயம் இல்லை. "விழ விடமாட்டேங்குது."

ஜோவிதா அவரை மெதுவாக மேலே ஏற்றி, உடை மாற்ற வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, பால்ராஜின் பக்கத்தில் தண்ணீரில் இறங்கினாள். படியின் பக்கத்து ஓட்டைக்குள் கையை விட்டாள்.

உள்ளே தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டாள். விரலில் ஏதோ பட்டது. பாலில் ஊறவிட்டு மறந்துபோன ரொட்டிபோல, தொட்டாலே பிய்ந்துவிடும்போல இருந்தது.

அது அவள் விரல்களைச் சுற்றி மெல்ல மூடியது.

இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கையைப் பிடுங்கினாள். விரல்களோடு வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, ஈரக் காகிதம்போல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினாள். போகவில்லை. கரையில் தேய்த்தாள். நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிட்டது.

"வெளிய எடு. இப்பவே எடு" என்றாள்.

முதலில் கயிறு அறுந்துவிடும்போல விறைத்தது. பால்ராஜ் கரையில் காலை ஊன்றி இழுத்தான். ஜோவிதாவும் சேர்ந்து இழுத்தாள். சட்டென்று கனம் விட்டது. வெறும் பிளாஸ்டிக்காகப் படி மேலே வந்து கரையில் கவிழ்ந்தது. மூடி தானாகத் திறந்துகொண்டது.

சாம்பல் நிறத் தண்ணீர் கொழகொழவென்று டைல்ஸில் பரவியது. அதோடு தோல். பட்டை பட்டையாக, மடிப்பு மடிப்பாக, ஊறி வெளுத்த தோல். ஒரு துண்டில் குதிகாலின் வளைவு அப்படியே இருந்தது, வெடிப்புகளோடு. இன்னொன்றின் நுனியில் ஒரு கால் நகம், அதில் பாதி உதிர்ந்த சிவப்புப் பாலிஷ்.

பால்ராஜ் புல்வெளி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

ஹெலன் ஆன்ட்டியிடம் எதுவும் சொல்லாமல் வாசல் வழியாகவே ஒரு டாக்ஸியில் ஏற்றி அனுப்பினார்கள். பால்ராஜ் போன் செய்ததும் மதியத்துக்குள் தர்ஷினி வந்துவிட்டாள். கரையில் கிடந்ததைப் பார்த்து டிஷ்யூவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயே. க்ளீன் பண்ணாமயே வச்சிட்டாங்க போல."

"இது மனுஷத் தோல் மேடம்" என்றாள் ஜோவிதா. "கால் தோல். உங்கம்மா யூஸ் பண்ணப்ப இதுல பாரம் என்ன வச்சிருந்தீங்க?"

"பாரமா? அதெல்லாம் எதுவும் வைக்கல. சோனியா நின்னுப்பா."

"யாரு சோனியா?"

"ஹோம் நர்ஸ். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்புறம் ஏஜென்சில அனுப்பினாங்க. ஒடிசாவோ ஜார்க்கண்டோ, ஞாபகம் இல்ல. படி ஆடுமில்ல? அவ அடில கால விட்டு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுட்டு சும்மா நின்னுட்டு இருப்பா. அம்மா காலைல படில உக்காந்தா மதியம்தான் எந்திரிப்பாங்க. தண்ணி அவங்களுக்கு அவ்ளோ பிடிக்கும்."

"அவ்வளவு நேரமும் தண்ணிக்குள்ளயா?"

"அவ ஒண்ணும் சொன்னதே இல்லீங்க. ரொம்ப நல்ல பொண்ணு."

"மணல் மூட்டை வச்சிருக்கலாமே மேடம்."

"அதுக்கு யாரு அலையறது? அவதான் இருந்தாளே."

தர்ஷினி சாதாரணமாகத் தொடர்ந்தாள். "கடைசில கால் தோலெல்லாம் உரிய ஆரம்பிச்சிடுச்சு. உள்ள வந்தா ஃப்ளோர்ல ஒட்டும். அதான் மோட்டார் ரூம்லயே படுத்துக்கச் சொன்னோம். அப்புறம் புண்ணு வச்சு ஒரே நாத்தம். அனுப்பிட்டோம்."

"இப்ப எங்க இருக்கா?"

"ஊருக்குப் போற ட்ரெயின்லயே உயிர் போயிடுச்சுன்னு சொன்னாங்க. பாவம்." குளத்தை எட்டிப் பார்த்தாள். "தண்ணிய மாத்திடுங்க. சரியாயிடும்."

தோலைப் பார்த்தபோது வராத வாந்தி ஜோவிதாவுக்கு அப்போது வந்தது.

பால்ராஜ் படியைக் கடப்பாரையால் உடைத்து நொறுக்கினான். தோல்களை ஜோவிதா கையுறை போட்டுப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, தோட்டத்தில் ஆழமாகப் புதைத்தாள். சாயங்காலம் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய், பெயரைத் தவிர எதுவும் தெரியாத ஒருத்திக்காக மெழுகுவத்தி ஏற்றினாள். வீட்டுக்கு வந்து கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்படியும் அன்றைக்கு அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை, பால்ராஜ்தான் ஊட்டினான்.

குளத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். ஈஜிபுராவில் ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து, தரையிலேயே பயிற்சி தொடங்கினாள். தண்ணீரில் நடந்த அந்த ஒரு காலையின் தைரியத்தில் ஹெலன் ஆன்ட்டி அங்கேயும் வந்தார். சோனியா என்ற பெயரை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஏறி இறங்கப் பழகுவதற்காக ஒரு சின்னப் பிளாஸ்டிக் பலகை இருந்தது. கையில் தூக்கினால் இறகுபோல இருக்கும். வழவழப்பான டைல்ஸில் வழுக்கும். யாராவது ஏறும்போது பால்ராஜ் குனிந்து அதைப் பிடித்துக்கொள்வது வழக்கம். அன்று அவன் போன் பேச வெளியே போயிருந்தான். ஜோவிதா இன்னொருவருக்குக் காலை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஹெலன் ஆன்ட்டி தனியாகப் பலகையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

பலகை நகரவில்லை.

"ஆன்ட்டி, இறங்குங்க" என்று ஓடினாள். அவர் இறங்கியதும் பலகையைக் காலால் தள்ளினாள். அசையவில்லை. குனிந்து இரண்டு கையாலும் தள்ளினாள். அசையவே இல்லை. அதன் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் மெல்லக் கசிந்து, அவள் விரல்களை வந்து தொட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஹெலன் ஆன்ட்டி அவள் தோளில் கைவைத்தார். மறுபடி பலகையில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

"தள்ளாதம்மா" என்றார். "அவ நல்லாத்தான் புடிச்சிருக்கா."