பேச்சியின் அரைஞாண்

அந்த டிபன் கேரியர் இரண்டு நாளாகச் சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுவ எடுத்தால், "வை அத!" என்று சீறினான் மருதமுத்து. இலையில் கட்டிய சோற்றோடு ஷிப்டுக்குப் போய் வந்தான்.

இசக்கியம்மாள் காரணம் கேட்கவில்லை. புருஷனிடம் பேசவே அவளுக்குப் பிடிக்கவில்லை. விடியலில் நிலக்கரிச் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட் கிறீச்சிடும்போதெல்லாம், அது எட்டு மாதக் குழந்தையின் அழுகையாகவே அவளுக்குக் கேட்கும். முந்தாநாள் முதல் அந்த அழுகை ஓயவேயில்லை.

வடக்குத்துப் பக்கத்து இடுகாடு சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அவள் பால் ஊற்றிவந்த சின்ன மேடு... அவள் மகள் பேச்சி படுத்திருந்த மேடு... முந்தாநாள் இராட்சத இயந்திரத்தின் வாய்க்குள் போனது. இயந்திரத்தை ஓட்டியவன், பேச்சியைப் பெற்ற மருதமுத்து!

"கேட்டு வாங்குன ஷிப்டாம்லா! பிளாக் பூராவும் சொல்லுதாவ" என்று ஆரம்பித்தாள் ருக்குமணி. மருதமுத்துவின் அக்கா. தாலி அறுத்த நாளிலிருந்து தம்பியின் குவார்ட்டர்ஸில்தான் வாசம்.

"காலங்காத்தால வேண்டாம் மதினி..."

"ஏன் வேண்டாம்? கடைசியாக் குளிப்பாட்டும்போது பிள்ளை இடுப்புல இருந்து நான் போட்ட வெள்ளி அரைஞாணக் கழட்டி, உன் கையிலதான குடுத்தேன்? எங்கட்டி அது? உங்க ஆத்தா வீட்டுக்குத்தான போச்சு? அந்தக் கையாலதான நீ பாலும் ஊத்துன?"

இசக்கி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து வருஷமாக அவள் பதில் சொல்லாத கேள்வி. மருதமுத்து அதைக் கேட்டதேயில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதும் இல்லை.

"இந்தக் கேரியர் வேற, நாறிக் கெடக்கும்!" ருக்குமணி அதை வெடுக்கென்று இறக்கிக் கொக்கியைத் தட்டினாள்.

மேல் தட்டில் செம்மண்.

அடித்தட்டில் வெள்ளைத் துண்டில் சுற்றிய, ஒரு கைப்பிடிகூடத் தேறாத ஏதோ ஒன்று. அதன்மேல், கறுத்துப்போன வெள்ளி அரைஞாண்!

"அக்கா, மெதுவா..." உள்ளறைக் கதவைப் பிடித்தபடி மருதமுத்து நின்றான். "வேற எவனும் ஓட்டினா அது நம்ம பிள்ளைன்னு அவனுக்குத் தெரியுமா? அதுக்குத்தான் அந்த ஷிப்டக் கேட்டேன். மெஷினு எட்டுறதுக்கு முன்னால எறங்கி, கையாலயே தோண்டினேன். இடுப்பச் சுத்தி இது கெடந்துச்சு..."

அவன் இசக்கியின் பக்கம் திரும்பினான். ஐந்து வருஷத்துக்குப் பிறகு, அவள் முகத்தைப் பார்த்து.

"திருடின்னு நெனச்சுக்கிட்டே உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன் இசக்கி! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இத உன்கிட்ட நீட்டுவேன்?"

"வெறும் இடுப்போட அனுப்ப மனசு வரல..." இசக்கி அரைஞாணைத் தொட்டாள். "துணிக்குள்ள வச்சுக் கட்டிவிட்டுட்டேன். சொன்னா தோண்டி எடுத்துருவியளோன்னு பயந்து கெடந்தேன்..."

"ஐயோ, என் வாயி அவிஞ்சு போவ!" ருக்குமணி அவள் காலில் விழப் போனாள். இசக்கி பிடித்து நிறுத்தினாள். நின்றபடியே இருவரும் கட்டிக்கொண்டு கதறினார்கள்.

முதலில் தேறியவள் ருக்குமணிதான். அரைஞாணை எடுத்து, திருநீறு தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். "வெளக்கித் தாரேன்... என் மருமவளுக்கு மறுபடியும் போட்டு அனுப்புவோம்."

"திருவதிகைப் பக்கம், கெடில ஆத்தங்கரையில எடம் பார்த்துட்டு வந்திருக்கேன்" என்றான் மருதமுத்து.

இசக்கி நிமிர்ந்தாள். "அங்க அடியில கரி கெடையாதுல்லா?"

"இல்ல. மணல்தான்."

பஸ்ஸில் கேரியரை மடியில் வைத்து, முந்தானையால் மூடியிருந்தாள் இசக்கி. டிக்கெட் கிழித்த கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"சோத்துக் கேரியர ஏம்மா கட்டிப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்க? கீழ வையேன்."

"மெதுவாப் பேசுங்கய்யா" என்றாள் இசக்கியம்மாள். "இப்பத்தான் அழுகைய நிறுத்திட்டுத் தூங்குது."