காசிமாயன் கட்டிய துணி

1944 ஆவணி. மதுரைக்குத் தெற்கே ராணுவ விமானத் திடல். மத்தியானம் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர். வாசல் மேசையில் குமாஸ்தாவாகிய நான், பிச்சுமணி. இறக்கை நிழலில் பெட்டிமேல் மேஸ்திரி விருமாண்டி. விமானத்தின் வாலடியில், முக்காலியில் விமானம் பழுதுபார்க்கும் பிட்டர் காசிமாயன்.

வேலை பாதியில் நின்றால் அவ்விடத்தில் சிவப்புத் துணி கட்டவேண்டும்; கட்டினவனே அவிழ்க்கவேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

விளாங்குடியிலிருந்து ஆள் வந்து சொன்னான்: காசிமாயன் மனைவி அன்னக்கொடிக்கு ஆண் குழந்தை.

"நட்டு கழலாம செருகுற ஊசி, ஒண்ணுதான் பாக்கி, ஐயரே. பிள்ளை மொகத்தைப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"போயிட்டு வா மாப்ள. பிள்ளைக்கு ஒன் மூக்கு வந்துறக் கூடாதுன்னு கும்பிட்டுக்க!" என்றார் விருமாண்டி.

சிவப்புத் துணி தீர்ந்திருந்தது. காசிமாயன் தன் கட்டம்போட்ட துண்டில் ஒரு கீற்றைக் கிழித்து வாலில் கட்டிவிட்டுப் போனான்.

விருமாண்டி சாப்பிடப் போனார். துரை பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அழுக்குத் துணி தொங்குகிறதே என்று நான் அதை அவிழ்த்து, என் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

சாயங்காலம் காசிமாயன் திரும்பி வந்து வாலைப் பார்த்தான்; துணி இல்லை.

"மேஸ்திரி முடிச்சுட்டாரா, ஐயரே?"

பதிவேட்டிலிருந்து நிமிராமல், "உம்" என்றேன்.

சோதனைப் பறப்புக்கு விமானியோடு அவனும் ஏறினான். வாலில் ஊசியில்லாத நட்டு கழன்று, விமானம் கப்பலூர் வயலில் விழுந்தது. இருவருமே போய்விட்டார்கள்.

விசாரணை முடிவு: பிட்டரின் கவனக்குறைவு. அதை நகலெடுத்ததும் நான்தான். பால்குடி மாறாத பிள்ளையை ஊரார், "ஆளைக் கொன்னவன் மகன்" என்றார்கள்.

நகலெடுத்த மறுநாள் மத்தியானம் கொட்டகையில் நான் மட்டும். கிரீஸ் வாடை திடீரென்று கனத்தது. முக்காலி தரையில் மெல்ல இழுபடும் சத்தம்.

நின்றது.

என் பேனாவில் அந்தத் துணி கட்டியிருந்தது.

இழுப்பறை பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். காலி.

அவிழ்த்து உள்ளே வைத்தேன். மறுநாளும் பேனாவில் இருந்தது. எட்டு நாள் இப்படியே.

ஒன்பதாம் நாள், காதோரம்:

"ஒண்ணுதான் பாக்கி, ஐயரே."

அந்தக் குரலில் கோபமே இல்லை. வீட்டுக்குப் போகக் காத்திருப்பவனின் குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துரைக்கு எழுதினேன். துணியை அவிழ்த்தவன் நான், பாராமல் 'உம்' சொன்னவனும் நான், காசிமாயன்மேல் குற்றமில்லை. கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, அரக்கு வைத்து, தபால்காரர் சின்னக்கருப்பனிடம் கொடுத்தேன்.

அவர் சைக்கிளில் ஏறப்போய் நின்றார்.

"இதென்ன சாமி, கைப்பிடியில துணி? எண்ணெய் பிசுபிசுங்குது. அவுத்துரவா?"

"வேண்டாம்ப்பா. கட்டினவனே அவிழ்க்கட்டும்."

கடிதம் போயிற்று. சைக்கிள் கண்ணுக்கு மறையும்வரை அந்தக் கீற்றும் ஆடிக்கொண்டே போனது.