தகட்டு நிழலில் தொய்யக்கீரை

காலை ஆறரைக்கு மணிக்கட்டுக் குருதிமானி சுருக்கென்று குத்தியது. தமயந்தி பல் துலக்கிக்கொண்டே ஹீமோகுளோபின் எண்ணைப் பார்த்தாள். ஒன்பது புள்ளி எட்டு. சமையலறைச் சுவரின் திறப்பில் அவளுடைய அன்றைய பங்கு ஊட்டப்பாளம் வந்து விழுந்தது. சோப்புக்கட்டி அளவு, மங்கிய மஞ்சள். நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்பினாள். அலுவலகப் படியேறும்போது மூச்சிரைத்தது. எல்லோருக்கும் இரைக்கும் என்பதால் அதை யாரும் நோயாக நினைப்பதில்லை.

ஊட்டத்துறையின் கோவில்பட்டி அலுவலகத்தில் அவள் ஆய்வாளர். ஊராரின் குருதி எண்களைக் கவனிப்பதுதான் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தரையைத் தாண்டிய ஒருவரையும் அவள் கண்டதில்லை. அன்று திரையில் ஓர் எண் சிவப்பாக நின்றது. பதின்மூன்று புள்ளி ஐந்து. முத்துப்பேச்சி, வயது முப்பத்தொன்று, சூரியத்தகடு துடைப்பவர், ஆறு மாதக் கர்ப்பிணி.

மழை பொய்த்த ஆண்டுகளுக்குப் பிறகு வந்த சட்டம் எளிமையானது. ஆளுக்கு ஒரு பங்கு பாளம். வேறு உணவு கிடையாது. ஒருவருடைய எண் ஏறினால் அவர் அடுத்தவர் பங்கைத் தின்றிருக்கிறார் என்று பொருள். திருட்டு உறுதியானால் பாளம் பாதியாகும்.

தமயந்தி சூரியத்தகடுகள் வரிசையாக நின்ற தகட்டுக்காட்டுக்குப் போய், முத்துப்பேச்சியின் கையில் மூன்று மானிகளை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தாள். மூன்றும் ஒரே எண்ணைக் காட்டின. யாருடைய பங்கு என்று கேட்டதற்கு, முத்துப்பேச்சி தன் தூக்குவாளியைத் திறந்து நீட்டினாள். உள்ளே கரும்பச்சையாக ஏதோ வதங்கிக் கிடந்தது.

“தொய்யக்கீரை மேடம். கொஞ்சம் மூக்கிரட்டையும் கிடக்கு.”

“இது களைதானே?”

“உங்களுக்குக் களை. மசக்கையில இருந்து நான் இதைத்தான் ஆக்கித் திங்கிறேன்.”

தகடு கழுவிய நீர் சொட்டும் இடமெல்லாம் நிழலில் அது படர்ந்திருந்தது. களையெரிக்கும் ட்ரோன்கள் தகடுகளுக்கு அடியில் நுழைவதில்லை. தமயந்தி ஒரு வாய் தின்று பார்த்தாள். லேசான கசப்பு, பிறகு உமிழ்நீர் ஊறியது. அது பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கீரையை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்ததில் பாளத்தைவிடப் பல மடங்கு இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் இருந்தன. எரித்துத் தள்ளிய ஒன்றில் இவ்வளவா? ஆய்வகக்காரருக்கே குழப்பம். தமயந்தி எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினாள். நான்காம் நாள் முத்துப்பேச்சி மேலிருந்த திருட்டு வழக்கு நீங்கியது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்று தமயந்திக்கு நிறைவாக இருந்தது.

அவள் யோசிக்காத விதி ஒன்று இருந்தது. ஊட்டம் உள்ளதென்று நிரூபணமான எதுவும் துறைக்குச் சொந்தம்; தனியாள் தொடக்கூடாது. எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவேண்டும். மூன்றாம் வாரம் தகட்டுக்காட்டுக்கு மின்வேலி போட்டார்கள். கீரையை வேரோடு பிடுங்கிக் கண்ணாடிக் கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அது பொடியாகிப் பாளத்தில் கலந்தது. எட்டுக் கோடிப் பேருக்குப் பங்கிட்டதில் ஆளுக்கு ஒரு சிட்டிகைகூட வரவில்லை. தமயந்தியின் எண் ஒன்பது புள்ளி ஒன்பதாயிற்று. முத்துப்பேச்சியின் எண் பன்னிரண்டு, பதினொன்று என்று இறங்கி ஒன்பதரையில் நின்றது. திரையில் சிவப்பு மறைந்ததும், சிக்கல் தீர்ந்தது என்று மேலதிகாரி ஜோதிராஜ் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். அதை இருமுறை படித்தும் எந்தச் சிக்கல் தீர்ந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் முடியும் நேரத்தில் அவள் முத்துப்பேச்சியின் வீட்டுக்குப் போனாள். முத்துப்பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“நீங்க எழுதாட்டி என்னைத் திருடின்னிருப்பாங்க. உங்க மேல கோவமில்ல மேடம்” என்றாள். “பிள்ளை பெறும்போது ரத்தம் போகுமே, இருக்கிறது போதுமா? அதை மட்டும் சொல்லுங்க.”

தமயந்தி வெளியே வந்து ஓடைப் பக்கம் நடந்தாள். தடைசெய்யப்பட்ட பொருளைத் தேடுகிறோம் என்பது ஓடைப்பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் நிற்கவில்லை. பாலத்தடியில், வேலியோரத்தில், கல் இடுக்கில் ட்ரோன் விட்டுவைத்த பச்சையையெல்லாம் பிடுங்கினாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. இலையின் அமைப்பை அறிக்கையில் விரிவாக எழுதியவள்தான். கையில் இருப்பது எதுவென்று தெரியவில்லை. முந்தானையில் அள்ளிக்கொண்டு திரும்பி வந்து தரையில் கொட்டினாள்.

“இதுல எது?”

முத்துப்பேச்சி மெல்லக் குனிந்து ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். இது எருக்கங்கன்று. இது மாடுகூடத் திங்காது. இதுவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கொத்து மிஞ்சியது. அதைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். வெளுத்த முகத்தில் சட்டென்று ஓர் உயிர் வந்தது.

“இதுதான். எங்க பிடுங்குனீங்க?”

தமயந்தி யோசித்தாள். பாலத்தடியா, வேலியோரமா, கல் இடுக்கா. எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. கொத்தில் ஓர் இலையை மட்டும் கிள்ளி, அடையாளத்துக்கு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க மறுபடியும் வெளியே நடந்தாள்.