இரும்பைத் தொடாத கை

“கமிஷனர் ஐயா, ஓடி வாங்க! ஓர்னெல்லா மேடம் பாட மாட்டேன்னு உட்கார்ந்துட்டாங்க!”

நேப்பிள்ஸ் ஓபரா அரங்கின் நிர்வாகி பலும்போ, கொர்ராதோவைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஓய்வுபெற்ற போலீஸ் கமிஷனரான கொர்ராதோ அன்று பாட்டுக் கேட்கத்தான் வந்திருந்தார். கூட வந்த உதவியாளர் இமாவுக்கோ பாட்டைவிடக் குற்றம் பிடிக்கும். அவள் முந்திக்கொண்டு ஓடினாள்.

வெளியே பேய்மழை. உள்ளே நாடே தொலைக்காட்சியில் பார்க்கப்போகிற இசைவிழா. திரை உயர இன்னும் சற்று நேரமே இருந்தது. இந்த நேரம் பார்த்து, ஓர்னெல்லாவின் ஒப்பனை அறை வாசலில் ஒரு பூங்கொத்து கிடந்திருக்கிறது. பிரித்தால் அத்தனையும் ஊதா! எங்கள் இத்தாலிய அரங்குகளில் ஊதா நுழைந்தால் அவ்வளவுதான், நிகழ்ச்சி விளங்கினாற்போலத்தான். கொத்தில் இளம் பாடகி அசுந்தாவின் பெயர் இருந்தது. ஓர்னெல்லா பாடாவிட்டால் மேடை அவளுக்குத்தானே!

அறையில் அசுந்தா தலையிலிருந்து நீர் சொட்ட அழுதுகொண்டிருந்தாள். “சத்தியமா நான் வைக்கல! இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வரேன்.”

“இனிமே இத்தாலியில எந்த மேடையிலயும் நீ ஏற முடியாது,” என்று சீறினார் பலும்போ.

கொர்ராதோ பூங்கொத்தின் காகிதத்தைத் தடவிப் பார்த்தார். மொறுமொறுவென்று இருந்தது. “பூவைப் பார்த்ததும் என்ன பண்ணீங்க?” என்று ஒப்பனைக்காரி பீனாவைக் கேட்டார்.

“வேறென்ன, கெட்டது அண்டாம இருக்க இரும்பைத் தொட்டேன்! கத்தரிக்கோலை இன்னும் விடல, பாருங்க.”

“நான் சாவிக்கொத்தைப் பிடிச்சேன்,” என்றார் பலும்போ. இமா குனிந்து பார்த்தாள். அவளுடைய கையும் கதவின் இரும்புத் தாழ்ப்பாளில்தான் இருந்தது.

“மேடம் என்ன பண்ணாங்க?” என்றார் கொர்ராதோ.

“பாவம், தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில சாஞ்சுட்டாங்க,” என்றாள் பீனா.

“விசாரணை போதும். அந்தப் பொண்ணை வெளியே தள்ளுங்க!” என்றாள் ஓர்னெல்லா. எல்லா மேடைக்கும் அவள் கொண்டுபோகிற வளைந்த அதிர்ஷ்ட ஆணி, கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடி முன் கிடந்தது.

“இந்த மழையில வந்த பூவுக்குக் காகிதம் நனையவே இல்ல,” என்றார் கொர்ராதோ நிதானமாக. “அசுந்தா தொப்பலா நனைஞ்சிருக்கா. அப்போ பூ மழைக்கு முன்னாடியே உள்ளே வந்துடுச்சு. யாரெல்லாம் அப்பவே வந்தீங்க?”

“நானும் மேடமும்தான்,” என்றாள் பீனா.

“ஆகா, மாட்டிக்கிட்டா பீனா!” என்று துள்ளினாள் இமா.

“அவசரக்குடுக்கை!” என்றார் கொர்ராதோ. “பீனா கைதான் தானா இரும்புக்குப் போச்சே. திடுக்கிட்டா நம்ம ஊர்க் கை வேற எங்க போகும்? மேடம், ஆணி பக்கத்துல இருந்தும் நீங்க தொடல. உள்ளே ஊதாதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். உங்க பயம் வேற இடத்துல. கையும் அங்கதான் போச்சு.”

ஓர்னெல்லாவின் கை மறுபடி தொண்டைக்குப் போய் நின்றது. அவள் உடைந்து அழுதாள்.

“உச்ச சுரம் போயிடுச்சு, ஐயா. காலையில பாடிப் பார்த்தேன், வெறும் காத்துதான் வந்துச்சு. நாடே சிரிக்குமேன்னு பயந்து, பாடாம தப்பிக்க இந்தப் பூவைப் பெட்டியில ஒளிச்சு எடுத்துட்டு வந்தேன்.”

“அதுக்கு என் பேரா கிடைச்சுது?” என்று கத்தினாள் அசுந்தா.

“உன் தொண்டையில அந்தச் சுரம் இருக்கேடி! வயித்தெரிச்சல். மன்னிச்சுடு.”

மணி அடித்தது. ஓர்னெல்லா எழுந்து, வளைந்த ஆணியை அசுந்தாவின் ஈரக் கையில் வைத்து மூடினாள். “போ. என் பாட்டை நீ பாடு. ஏன்னு ஜனங்ககிட்ட நானே சொல்றேன்.”

சொன்னாள். அரங்கம் திகைத்தது, பிறகு கை தட்டியது. ஈரத் தலையோடு நின்ற அசுந்தா பாடினாள். பாட்டு ஏற ஏற இமா மூச்சை அடக்கினாள். அந்த உச்ச சுரம் பளீரென்று வந்து நின்றதும் மாடங்கள் வரை எல்லோரும் எழுந்து கூச்சலிட்டார்கள். முதல் ஆளாகக் கூச்சலிட்டவள் ஓரத்தில் நின்ற ஓர்னெல்லாதான்.

“சார், கை தட்டுங்க!” என்று உலுக்கினாள் இமா.

“இரு, வரேன்,” என்றார் கொர்ராதோ. அவருடைய கை கோட்டுப் பைக்குள் வீட்டுச் சாவியை இறுகப் பிடித்திருந்தது.