தாம்பாளத்தில் வந்த பந்து

செபஸ்தியாம்பிள்ளை மாமாவின் கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது பெரும் பாடு. இலண்டனின் பிளேஸ்டோவில் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு மக்கள் ஆண்டுதோறும் நடத்தும் அந்தோனியார் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்கு அவர்தான் தலைவர். ஆட்டம் சுருங்கினாலும் பேச்சு சுருங்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

இந்த ஆண்டு பூசை முடிந்ததும் அவர் கோயில் வாசலில் நின்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எங்கட போட்டிக்குப் பிரதம விருந்தினர் ஆர் தெரியுமோ? றமோன் அல்தெரோ!"

சிறுவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். லக்‌ஷிகா முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

றமோன் அல்தெரோ ஸ்பெயின்காரர். ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்து, மீசை சரியாக முளைக்காத வயதில் இலண்டனுக்கு விளையாட வந்தவர். பெரிய கிளப் ஒன்றின் நடுக்களத்தில் பல ஆண்டுகள் ஆடினார். அவர் கோல் போடுவது குறைவு. ஆனால் கோல் போட்டவனின் காலுக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே றமோன் நிற்பார்.

லக்‌ஷிகாவுக்குப் பதினொரு வயது. அவளும் நடுக்களத்தில்தான் ஆடுவாள். அவளிடமும் எல்லோரும் "எத்தனை கோல் போட்டனீ?" என்றுதான் கேட்பார்கள். அதனால்தான் றமோனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் ஊர் உலகத்துக்கு றமோன் என்றால் ஒரே ஒரு காட்சிதான். கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். கடைசிப் பெனால்டி. அவர் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலால் பறந்துபோனது. கிளப் தோற்றது. அடுத்த பருவத்தில் முழங்கால் முறிந்தது, கிளப் அவரைக் கைகழுவியது. பிறகு சின்னக் கிளப்புகள். இப்போது அதுவும் இல்லை. பிளேஸ்டோவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிறு காலைப் பூசைக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் அமர்ந்துவிட்டுப் போவார். அங்கேதான் மாமா அவரை மடக்கிப் பிடித்திருந்தார்.

"பிரதம விருந்தினர் உதைச்சுத்தான் போட்டி தொடங்கும். அந்தப் பந்தைத் தாம்பாளத்தில வைச்சுக் கொண்டுவர ஒரு பிள்ளை வேணும்," என்றார் மாமா. "லக்‌ஷிகா, நீர் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வாரும்."

"மாமா, எனக்கு மட்ச் இருக்கு!"

"மட்ச் எங்க ஓடப்போகுது? முதல்ல தாம்பாளம், பிறகு மட்ச்."

ஆண் பிள்ளைகள் ஒருவரிடமும் அவர் தாம்பாளம் தூக்கச் சொல்லவில்லை. லக்‌ஷிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டி நாளன்று காற்பந்து உடைக்கு மேலேயே பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டாள். பூட்சையும் கழற்றவில்லை.

மைதானம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் ரோல்ஸ் பொரியும் வாசம், ஒரு பக்கம் ஒலிபெருக்கி. மாமா மேடையில் ஏறி, அந்தோனியாரில் தொடங்கி, பங்குத் தந்தைக்கு நன்றி சொல்லி, தான் பள்ளியில் போட்ட கோல் வரைக்கும் வந்தார். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இண்டைக்கு ஒரு விசேசம்! எங்கட றமோன் அண்டைக்கு விட்ட பெனால்டியை எங்கட மைதானத்தில அடிக்கப் போறார். அந்தக் கவலையை நாங்கள் தீர்த்து வைக்கப் போறம்!"

கூட்டம் ஆரவாரித்தது. மாமா மனதில் ஒரு துளி கெடுதல் இல்லை. அந்த மனிதருக்குப் பெரிய மரியாதை செய்வதாகவே அவர் நம்பினார். எரிச்சல் ஊட்டும் விசயமே அதுதான்.

கோல் காவலன் லக்‌ஷிகாவின் அண்ணன் டிலுக்சன். அவன் கையுறையை மாட்டிக்கொண்டு துள்ளினான்.

"நான் மட்டும் பிடிச்சனெண்டால் யூடியூப் முழுக்க என்ரை முகம்தான்!"

"அவர் பாவமடா அண்ணா."

"பாவம் பாத்தால் பந்து பிடிக்க ஏலாது," என்றான் டிலுக்சன்.

தாம்பாளத்தை எடுக்கக் கூடாரத்தின் பின்பக்கம் போன லக்‌ஷிகா அப்படியே நின்றுவிட்டாள். அங்கே ஒரு பெட்டியின் மேல் றமோன் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தார். முழங்கால் மாதுளம்பழம் போல வீங்கியிருந்தது.

அவளைக் கண்டதும் அவசரமாகச் சுருட்டலை அவிழ்த்து முழங்காலை மூடினார்.

"நோகுதா?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கொஞ்சம்," என்றார் அவர். பிறகு, சின்னப் பிள்ளைதானே என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளதைச் சொன்னார். "பலமாக உதைத்தால் இந்த முழங்கால் மறுபடியும் போய்விடும். புதன்கிழமை ஒரு கிளப் என்னைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறது. இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு."

"அப்ப ஏலாது என்று சொல்லுங்கோவன்."

"வெளியே எத்தனை போன் பார்த்தாயா? கால் சரியில்லை என்று நானே சொன்னால் இன்றைக்கே அந்தக் கிளப்பின் காதுக்குப் போய்விடும். மெதுவாக உதைத்தால் காவலன் பிடித்துவிடுவான். றமோன் மறுபடியும் தவறவிட்டான் என்று உலகமே சிரிக்கும்." அவர் புன்னகைக்கப் பார்த்தார். அது சரியாக வரவில்லை. "ஒருவர்கூட என்னைப் பாஸ் கொடுக்கச் சொல்லிக் கேட்டதில்லை. அதுதான் என் வேலை."

வெளியே மாமா அவர் பெயரைக் கூவினார். றமோன் எழுந்து, ஒன்றுமே இல்லாததுபோல நடந்துபோனார்.

லக்‌ஷிகா பூவிதழ் தூவிய தாம்பாளத்தில் பந்தை ஏந்தியபடி பின்னால் போனாள். பந்து உருண்டு உருண்டு அவள் கையைச் சோதித்தது. அவளோ வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். பெனால்டியை நேராகக் கோலுக்குத்தான் உதைக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? இல்லையே! பந்தை முன்னால் தள்ளிவிட்டால் போதும். பின்னாலிருந்து ஓடிவரும் அணிக்காரர் அதை அடிக்கலாம்.

பந்தைக் கொடுக்கும்போது குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"நீங்கள் உதைக்க வேண்டாம். பந்தை முன்னால் தள்ளிவிடுங்கோ. நான் பின்னாலிருந்து வாறேன். எனக்கு ஒரு பாஸ் தாங்கோ."

றமோன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பட்டுப்பாவாடை. அதன் கீழே பூட்ஸ். அவர் தலையசைத்தார்.

நூற்றுக்கணக்கான போன்கள் உயர்ந்தன. டிலுக்சன் கைகளை விரித்து ஆடினான். லக்‌ஷிகா தாம்பாளத்தைப் புல்லில் வைத்துவிட்டு, பெனால்டிப் பெட்டிக் கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

விசில் ஒலித்தது. றமோன் இரண்டடி நடந்தார். காலின் உட்பக்கத்தால் பந்தை மெல்லத் தள்ளினார். ஒரு பூனைக்குட்டியைத் தள்ளுவதுபோல அவ்வளவு மெதுவாக. டிலுக்சன் ஒரு பக்கம் பாய்ந்து வெறும் புல்லைக் கட்டிப்பிடித்தான்.

லக்‌ஷிகா ஓடினாள். பந்து அவளுடைய ஓட்டத்துக்குச் சரியாக, வேகம் கூடாமல் குறையாமல், அவளுடைய வலதுகாலுக்கு வந்தது. இவ்வளவு நல்ல பாஸ் அவளுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அடித்தாள். வலை குலுங்கியது.

மைதானம் திகைத்து நின்றது. பிறகு சிலர் சிரித்தார்கள். சிலர் "ஊ" என்று கத்தினார்கள்.

"இது களவு!" என்றான் டிலுக்சன்.

"ஞானேஸ்வரன், இது என்ன சட்டம்?" என்று மாமா மைக்கிலேயே நடுவரைக் கேட்டார்.

"சட்டப்படி கோல்தான் அண்ணை," என்றார் நடுவர்.

கோல் போட்டவர் பந்து தந்தவரை நோக்கி விரல் நீட்டுவது பந்தாட்டக்காரர் வழக்கம். லக்‌ஷிகா திரும்பி, கையை நீட்டி, றமோனைக் காட்டினாள். கை வலிக்கும்வரை இறக்கவில்லை. றமோன் அவள் பக்கம் பெருவிரலை உயர்த்திவிட்டு, மெதுவாக நடந்துபோய் நாற்காலியில் அமர்ந்தார். மாமா அவருக்குப் பொன்னாடை போர்த்தினார், ஆனால் முகம் வாடியிருந்தது.

இத்தோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை.

அன்று பின்னேரமே ஒரு வீடியோ சுற்றத் தொடங்கியது. றமோன் பந்தை மெல்லத் தள்ளுவதோடு அதை யாரோ வெட்டியிருந்தார்கள். 'இன்னும் பயம் போகவில்லை' என்று மேலே எழுதியிருந்தது. புதன்கிழமை அந்தக் கிளப்பின் மருத்துவர் முழங்காலைப் பார்த்தார். அவர்கள் றமோனை எடுக்கவில்லை. கோடை விடுமுறை தொடங்குமுன், அவர் விளையாட்டிலிருந்து விலகிவிட்டதாகச் செய்தி வந்தது. எல்லா இடத்திலும் ஒரே படம்தான் போட்டார்கள். பந்து கம்பத்துக்கு மேலால் பறக்கிறது, அவர் தலையில் கைவைத்து நிற்கிறார்.

லக்‌ஷிகா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை ஆண்டுகள், அத்தனை பாஸ், ஒன்றுக்காவது ஒரு படம் இல்லையா? அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. கோபத்தை யார்மேல் காட்டுவதென்றும் தெரியவில்லை.

மறுநாள் பள்ளி மைதானத்தில் ஒரு பையன் அந்த வீடியோவைத் தூக்கிப் பிடித்தான். நாலைந்து பேர் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"லக்‌ஷிகா, இது உங்கள் ஆட்கள் வைத்த போட்டிதானே? சின்னப் பிள்ளைகளுக்கு எதிராகக்கூட இவரால் ஒரு கோல் போட முடியவில்லையே!"

"உண்மைதான், அவர் போடவில்லை," என்றாள் லக்‌ஷிகா.

"பார்த்தீர்களா!"

"வீடியோ முடிந்த பிறகு வலைக்குள் ஒரு கோல் போனது. போட்டது நான்." அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். "தந்தது அவர்."