குடிச்சுட்டேன்

சமையலறையில் யாரோ தம்ளரில் ஸ்பூன் போட்டுக் கலக்கும் சத்தம் கேட்டுத்தான் தையல்காரர் விழித்தார். பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது, நாக்கு தடித்திருந்தது, விரல் நுனிகள் ஊசிப்பெட்டிக்குள் கைவிட்டதுபோலக் குறுகுறுத்தன. சர்க்கரை இறங்கிவிட்டது. ஆனாலும் மனைவி எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்குகிறாள், இதோ கொண்டுவந்துவிடுவாள் என்று கண்ணை மூடியபடி அந்த டிங் டிங்கைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

பிறகுதான் உறைத்தது. அவளுக்கு இந்த வாரம் மில்லில் இரவு ஷிப்ட். ஒன்பது மணிக்கு அவரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

நாற்பத்து நான்கு வயதில் வந்த நோய். முதலில் மாத்திரை கொடுத்தார்கள், அடங்கவில்லை. உடம்பு தன் கணையத்தைத் தானே அரிக்கிறது, இனி ஆயுசுக்கும் இன்சுலின்தான் என்றார் டாக்டர். தூக்கத்தில் இரண்டு முறை நினைவு தப்பியதிலிருந்து, ஷிப்ட் நாட்களில் மனைவி சரியாக இரண்டு மணிக்குப் போன் செய்வாள். அவர் எடுக்காவிட்டால் மாடிவீட்டு அண்ணனை எழுப்புவாள். அந்த அண்ணனிடம் இந்த வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. தையல்காரர் போனை எடுத்தால் ஒரே கேள்வி.

"குடிச்சீங்களா?"

"குடிச்சுட்டேன்."

தம்ளரைத் தொடுமுன்பே அப்படிச் சொல்லிவிடுவது அவர் வழக்கம். "துணிய வெட்டாமலே, பட்டன் மட்டும்தான் பாக்கின்னு சொல்ற வாய்தானே இது" என்பாள் அவள்.

டிங். டிங்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பத்தடி நடை, முடியாமல் நீண்டது. சமையலறை வாசலில் கால் மடங்கியது. தரை சில்லென்றிருந்தது. கூப்பிட வாய் திறந்தார். காற்றுகூட வரவில்லை.

உள்ளே விளக்கில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒருவன் முதுகு காட்டி நின்றான். ஈரப் பனியன். கழுத்தில், அவர் படுக்கும்போதுகூடக் கழற்ற மறக்கும் இஞ்ச் டேப். தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வெறுங்கழுத்து.

அவன் கலக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சர்க்கரை டப்பா. மூடி திறக்கவேயில்லை. வெறும் தண்ணீர்.

மேடைமேல் போன் அதிர்ந்தது. மணி இரண்டு.

எடுக்காதே.

எடுக்காதே.

எடுத்தான்.

"குடிச்சீங்களா?" மில் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் தரைவரை வந்தது. "நிஜமா சொல்லுங்க."

"குடிச்சுட்டேன்." அவருடைய குரலேதான். "நீ வேலையப் பாரு."

"அப்பாடா. சரி, தூங்குங்க."

மேலே, மாடிவீட்டில், யாரும் எழவில்லை. அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். திரும்பவில்லை. ஸ்பூனை எடுத்தான்.

டிங்.

டிங்.