பாட்டிலில் பிடித்த வெயில்

மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. பெட்டிக்குள் எரிந்த பல்பும் அணைந்தது.

அது தெர்மோகோல் பெட்டி. மூடியில் சின்னக் கண்ணாடி ஜன்னல். உள்ளே பன்னிரண்டு கோழி முட்டைகள், ஒரு வெப்பமானி, ஒரு பல்பு. இருபது நாளாக அந்தப் பல்புதான் முட்டைகளை அடைகாத்தது. நாளை குஞ்சு பொரிய வேண்டும்.

முட்டைகளுக்குப் பொறுப்பு டாக்டர். வயது பத்து. பூனையின் காலுக்குக் கட்டுப் போட்ட நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

"அக்கா, முப்பத்தேழரை இருந்துச்சு. இப்ப முப்பத்தஞ்சு." தம்பி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"மூடுடா. நீ திறக்கத் திறக்க சூடு வெளிய போகுது. கண்ணாடி வழியா பாரு."

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இல்லாதபோது அடுப்பைத் தொடக் கூடாது.

டாக்டர் கீழே ஓடினாள். வாசலுக்கு எதிரே லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கரண்ட் எப்ப வரும்?"

"ஆறு மணி ஆகும். டிவி பாக்கணுமா?"

"முட்டையெல்லாம் செத்துடும்ணா. சீக்கிரம் முடிக்க முடியாதா?"

"அவசரப்பட்டா நான் செத்துடுவேன் பாப்பா."

அது நியாயம்தான்.

லைன்மேன் கை கழுவ வாசல் குழாயைத் திறந்து கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார். "டாங்குக்கு அடியில யாரு அடுப்பு மூட்டினது?"

"மொட்டை மாடியில கறுப்பு டாங்க்குண்ணா. வெயில்ல காயுது. மத்தியானம் நாங்க குளிக்கவே மாட்டோம்."

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள்.

"அண்ணா, எனக்குக் கரண்ட் வேணாம்."

"இப்பதானே கேட்டே?"

"சூடுதான் வேணும். பல்பு கரண்ட்டைச் சூடா மாத்திக் குடுத்துச்சு. டாங்க்கு வெயிலைச் சூடா வாங்கி வெச்சிருக்கு. எதுலேர்ந்து வந்தா முட்டைக்கு என்ன?"

லைன்மேன் பதில் யோசிப்பதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

நான்கு பாட்டில்களில் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். சூடு நேராக முட்டையில் படக் கூடாது. அப்பாவின் காலுறைகளை எடுத்தாள்.

"நாறுமே," என்றான் தம்பி.

"முட்டைக்கு மூக்கு இல்ல."

"உள்ள குஞ்சுக்கு இருக்குமே."

டாக்டர் யோசித்தாள். துவைத்த காலுறைகளைத் தேடி எடுத்தாள்.

நான்கு மூலையில் நான்கு பாட்டில். மூடியைப் போட்டார்கள். முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தொன்பது.

"அக்கா, வேகப்போகுது."

ஒரு பாட்டிலை வெளியே எடுத்தாள். முப்பத்தேழரையில் நின்றது.

அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினார்கள். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. அதனால் ஆறிய தண்ணீரைக் கொட்டாமல் வாளியில் சேர்த்தார்கள்.

ஐந்து மணிக்குக் குழாயில் வெதுவெதுப்புதான் வந்தது. வெப்பமானி முப்பத்தாறுக்கு இறங்கியது.

"போச்சு," என்றான் தம்பி.

"போகல. சூடு கம்மியானா பாட்டில் அதிகம். உன் ஸ்கூல் பாட்டிலைக் கொண்டா."

"அப்ப உன்னோடது?"

"அதுவும்தான்."

ஆறு பாட்டில்களும் உள்ளே போயின. முட்டைகளுக்கு இடையில் விரல் நுழைய இடமில்லை. வெப்பமானி நின்றது. பிறகு மெல்ல ஏறியது.

ஆறு மணிக்கு லைன்மேன் கதவைத் தட்டினார். "இதோ இப்ப கரண்ட் விடப்போறாங்க. உன் முட்டை எப்படி இருக்குன்னு..."

"உஷ்," என்றான் தம்பி.

டொக்.

மூன்று தலைகள் கண்ணாடியின் மேல் குனிந்தன. நடுவிலிருந்த முட்டையில் மெல்லிய விரிசல். அதற்குள் ஊசி முனையளவு அலகு.

"நாளைக்குத்தானே வரணும்?" என்றார் லைன்மேன் மெதுவாக.

"அதுக்கு அவசரம்ணா," என்றாள் டாக்டர்.

டொக். டொக்.

பெட்டிக்குள் பல்பு எரிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.